பீரோவில் உறங்கும் ஒளித்தட்டுகள்

மட்டாஞ்சேரியிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்களுள், பீரோவின் மேல்தட்டிலோ தொலைக்காட்சிப் பெட்டியின் கீழறையிலோ ஒரு கட்டு ஒளித்தட்டுகள் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. மகளின் திருமணம், மஞ்சள் நீராட்டு, பேரனின் காதுகுத்து, பெரியவரின் அறுபதாம் கலியாணம், சொந்த ஊர்க் கோயிற்கொடை, பொங்கல் விழாவில் குழந்தைகள் ஆடிய கும்மி என அவற்றில் பதிந்துள்ளவை பலவகைப்படும். பெரும்பாலானவை 2000-ஆம் ஆண்டுக்கும் 2012-ஆம் ஆண்டுக்கும் இடையே பதியப்பெற்றவை. சில, ஸ்டூடியோக்காரர் தந்தவை. சில, வீட்டுப் பிள்ளைகள் தங்கள் கணினியிலேயே இரவு கண்விழித்துப் பதிந்தவை. இன்று அவற்றை இட்டுப் பார்ப்பதற்குரிய கருவி பல வீடுகளில் இல்லை. புதிதாக வாங்கும் மடிக்கணினிகளில் தட்டை ஏற்கும் வாயே பெரும்பாலும் கிடையாது. கருவி இருக்கும் வீடுகளிலும், தட்டை இட்டால் படம் சிறிது தூரம் ஓடி, கட்டங்கட்டமாகச் சிதறி, பின்னர் நின்றுவிடுகிறது.

இதனைப் பற்றி எழுதுமாறு அன்பர் சிலர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். பழைய தட்டுகளைக் காப்பது எவ்வாறு என்பது சிலருடைய வினா. ஊரிலுள்ள பாட்டிக்கு ஒரு தட்டுப் பதிந்து அனுப்ப வேண்டும், ஆனால் கைபேசியில் எடுத்த படத்தைத் தட்டில் ஏற்றினால் அங்குள்ள கருவியில் ஓடவில்லையே, ஏன் என்பது வேறு சிலருடைய வினா. இரண்டிற்கும் விடை ஓரிடத்தில்தான் தொடங்குகிறது: தட்டில் எழுத்து எவ்வாறு ஏறுகிறது என்பதை அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

இப்பதிவு வேலையைக் கணினித் துறையினர் எரித்தல் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் வழங்குவர். நம்மவர் 'சிடி போடுதல்' என்றும் 'காப்பி எடுத்தல்' என்றும் சொல்லிக்கொண்டனர். தட்டுக்குத் தமிழ்நாட்டில் குறுந்தட்டு, குறுவட்டு என்னும் பெயர்களும், இலங்கைத் தமிழரிடையே இறுவட்டு என்னும் பெயரும் அமைந்தன. அக்காலத்தில் வீட்டுக் கணினிகளில் பெரிதும் வழங்கிய பதிவு மென்பொருள் ஜெர்மனியிலிருந்து வந்த 'நீரோ பர்னிங் ரோம்' என்பதாகும். கி.பி. 64-ஆம் ஆண்டில் ரோமாபுரி தீப்பற்றியபோது பேரரசனாயிருந்த நீரோவின் பெயரையும், கணினியில் 'ரோம்' என வழங்கும் தட்டின் பெயரையும் இணைத்து அமைத்த சிலேடை அது. காளமேகப் புலவர் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார். அதன் சின்னத்தில் தீப்பற்றி எரிவதாகக் காட்டிய பெரிய வட்டரங்கு நீரோ மாண்ட பிறகே கட்டப்பட்டது என்பதை மட்டும் அவரிடம் சொல்லாதிருப்பது நலம்.

எரித்தல் என்பது வெறும் உவமையன்று. குறுந்தட்டு, பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உடைய, பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்காலான வட்டு அது. கடைகளில் விற்ற திரைப்படத் தட்டுகள் ஆலையில் அச்சுக்கொண்டு அழுத்தப்பட்டவை. அவற்றின் நுண்குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்தவை. வீட்டில் பதியும் தட்டின் அமைப்பு வேறு. அதில் பிளாஸ்டிக்கிற்கும் பளபளக்கும் உலோகப் பூச்சிற்கும் இடையே மெல்லிய சாயப்படலம் ஒன்று உண்டு. எழுதுகருவியின் லேசர் ஒளிக்கற்றை அச்சாயத்தை இடம்விட்டு இடம் சுட்டுச் செல்கிறது. சுட்ட இடமும் சுடாத இடமும் மாறிமாறி வருவதே எழுத்து. சுட்டதற்கும் சுடாததற்கும் உள்ள வேறுபாடு, ஔவையார் நாவல் மரத்தடியில் நின்ற கதையை அறிந்த நமக்குப் புதிதன்று.

இவ்வெழுத்து, தட்டின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒரே சுருளாகச் செல்லும். ஒரு சிடியின் சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். மட்டாஞ்சேரி அரண்மனையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்கு நடந்து சென்று மீளும் தொலைவு ஏறத்தாழ அவ்வளவே. அத்தனை நீளமும் ஒரு சாயப்பூச்சின்மீது நிற்கிறது. ஆலையில் அழுத்திய பழைய திரைப்படத் தட்டு இன்றும் நன்றாக ஓட, அதனோடு ஒரே உறையில் வைத்திருந்த திருமணத் தட்டு ஓடாமற் போவதன் காரணம் இதுதான். திரைப்படம் போனால் வேறு எங்கேனும் கிடைக்கும். திருமணம் கிடைக்குமா?

1993-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விசிடி முறையில் ஒரு தட்டு ஏறத்தாழ 74 நிமிடப் படத்தைக் கொண்டது. நம் திரைப்படங்கள் இரண்டரை மணி நேரத்தவை ஆதலின் இரண்டு அல்லது மூன்று தட்டுகளாக வந்தன. எழுந்து சென்று தட்டை மாற்றும் வேலை வீட்டில் இளையவனுக்கு உரியது. மேல்நாடுகளில் விசிடி பெரிதும் பரவவில்லை. ஆசிய நாடுகளில்தான் அது வேரூன்றியது. 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி, 4.7 ஜிபி கொள்வதாய், இரண்டு மணி நேரப் படத்தை ஒரே தட்டில் அடக்கியது. 2000-க்குப் பின் எழுதுகருவிகள் விலை குறைந்து வீட்டுக் கணினிகளிலேயே பொருத்தப்பட்டு வந்தன. அதுவரை ஸ்டூடியோவில் மட்டும் நடந்த வேலை நம் கூடத்து மேசைக்கு வந்தது.

இவ்வரலாற்றில் நாம் மறைக்கலாகாத ஒரு பகுதியும் உண்டு. சென்னைக் கடற்கரையை ஒட்டிய பர்மா பஜார், பர்மாவிலிருந்து உடைமைகளை இழந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்கென 1969-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பெயர்ந்து வந்தோர் உழைத்து எழுப்பிய அக்கடைவீதி, பிற்காலத்தில் 'திருட்டு விசிடி' என்னும் சொல்லோடு இணைத்தே பேசப்படலாயிற்று. குடிபெயர்ந்த வாழ்வின் அருமையறிந்த நமக்கு இது வருத்தம் தருவது. 2004-ஆம் ஆண்டில் தமிழக அரசு, 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, திருட்டு விசிடி தொழில் செய்வோரையும் அதன்கீழ்க் கொண்டுவந்தது. சட்டம் செய்ததைக் காட்டிலும் விலை செய்தது மிகுதி என்பது நம் கருத்து. 2007-இல் மோசர் பேயர் என்னும் இந்திய நிறுவனம் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க முன்வந்தபோது, திருட்டுத் தட்டின் விலைக்கு அருகிலேயே நல்ல தட்டுக் கிடைத்தது. வெற்றுத் தட்டுகளை உலகெங்கும் ஏற்றுமதி செய்த அந்நிறுவனமும் பின்னர் நொடித்து, 2018-இல் கலைக்கப்படும் நிலையை அடைந்தது. இயக்குநர் சேரன் 2015-ஆம் ஆண்டில் தம் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தைத் திரையரங்குக்கு முன்பாக வீடுகளுக்கே டிவிடியாகக் கொண்டுசெல்ல முயன்றதை நம் அன்பர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். துணிவான முயற்சி, ஆனால் அதற்குள் மக்கள் கைபேசிக்கு நகர்ந்துகொண்டிருந்தனர்.

மகனின் காதுகுத்தைப் பதிவதும் நேற்று வெளியான படத்தைப் பதிவதும் ஒரே கருவியால் நிகழ்வன. ஆயினும் முன்னது நம்முடையது. பின்னது பிறர் பொருள். இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்தோமா என்பதை அவரவர் தம் வீட்டுக் கட்டினைப் புரட்டிப் பார்த்து அறிந்துகொள்ளலாம்.

இனி நம் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருவோம். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தெருவில் மலையாளம் பேசுகின்றனர். அதிற் குறையேதுமில்லை. நம்மை வாழவைக்கும் மண்ணின் மொழியை நன்கு கற்றல் நம் கடமை. ஆனால் இங்குக் குடியேறிய முதல் தலைமுறையினர் தத்தம் ஊரிலிருந்து நாவிலே கொண்டுவந்த தமிழ் எங்கே இருக்கிறது? பாடநூலில் அது இல்லை, தொலைக்காட்சியிலும் இல்லை. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடத்திலுள்ள டோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்தம் உடைகளை வெளுப்பதற்காக அழைத்து வரப்பட்டோர் என்பர். அத்தகைய குடும்பத்து மூதாட்டி ஒருவர் பேசும் தமிழை இன்றைய தமிழ்நாட்டில் எங்கும் கேட்க இயலாது. நலுங்கின்போது மணமகளைக் கேலி செய்து பாடும் பாட்டும், தொட்டிலருகே பாடும் தாலாட்டும், இழவு வீட்டில் முறைசொல்லி அழும் ஒப்பாரியும் அம்மூதாட்டியருடன் போய்க்கொண்டிருக்கின்றன. அவர்களுட் பலர் இன்று இல்லை. அவர்கள் குரல் ஏதேனும் ஓரிடத்தில் எஞ்சியிருக்குமாயின், அது இந்தத் தட்டுகளில்தான் இருக்கும்.

அங்கும் ஒரு தடை உண்டு. அந்நாளைய திருமணப் படங்களை நினைவுகூருங்கள். பந்தலில் மாமன்மார் பேசுவதும், அத்தை சிரிப்பதும், பாட்டி ஆரத்தி எடுத்துக்கொண்டே ஏதோ சொல்வதும் திரையில் தெரியும். காதில் விழுவதோ ஒரு சினிமாப் பாட்டு! ஸ்டூடியோக்காரர் 'மிக்சிங்' என்னும் பெயரால் உண்மை ஒலியை முழுதும் நீக்கி, பாட்டை ஏற்றிவிடுவார். இதய வடிவமும் பறக்கும் மலர்களும் மணமக்களின் முகத்தைச் சுற்றி வரும். அந்நாளில் அதுவே அழகெனப்பட்டது. நாமும் அதனைக் கேட்டுப் பணம் கொடுத்தோம். எடுத்தபடியே இருந்த முதல் நாடாவிலே குரல்கள் இருந்தன. அந்நாடாவைப் பல ஸ்டூடியோக்கள் அழித்து அடுத்த திருமணத்துக்குப் பயன்படுத்திக்கொண்டன. ஆதலின், குரல் அழியாத பகுதிகள் எவை என்பதைத் தேடிக் காணவேண்டும். தாலி கட்டும் காட்சியைவிட, மொய் எழுதும் இடத்திலும் பந்தியிலும் மண்டபத்து வாயிலிலும் எடுத்த காட்சிகளில் பேச்சு எஞ்சியிருக்க இடமுண்டு. ஏனெனில் அங்குப் பாட்டு ஏற்றுவதில் ஸ்டூடியோக்காரர் அத்துணைச் சிரத்தை காட்டியதில்லை. இனித் திருமணம் நடத்துவோர், அழகுபடுத்திய படத்தோடு எடுத்தபடியே உள்ள முழுப்பதிவையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். அதனைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்தல் நல்லது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கிடைப்பது ஐயம்.

கொச்சியின் காற்று இத்தட்டுகளுக்கு நண்பன் அன்று. பதிவுத் தட்டுகளை 20 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத வெப்பத்திலும், காற்றின் ஈரம் நூற்றுக்கு 20 முதல் 50 வரையுள்ள இடத்திலும் வைக்குமாறு, அமெரிக்க அரசின் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடு கூறுகிறது. இடவப்பாதி தொடங்கிவிட்டால் நம் வீட்டுக் காற்றின் ஈரம் பெரும்பாலும் 80-க்கு மேல்! செருப்பும் இடுப்பு வாரும் பூஞ்சணம் பூக்கும் ஊரில் தட்டு மட்டும் தப்புமா? நடு அமெரிக்காவிலுள்ள பெலிஸ் என்னும் வெப்ப நாட்டிலிருந்து வந்த குறுந்தட்டு ஒன்றன் உள்ளே புகுந்து உலோகப் பூச்சையும் பிளாஸ்டிக்கையும் ஒரு பூஞ்சணம் அரித்திருந்ததை, மாட்ரிட் நகர ஆய்வாளர்கள் 2001-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அது அரிதான நிகழ்ச்சி. நம் தட்டுகளில் காணும் வெண்புள்ளிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் படிந்தவையே, துடைத்தால் போய்விடும்.

துடைக்கும் முறையை இங்குச் சொல்லிவிடுவோம். மென்மையான பருத்தித் துணியை நீரில் நனைத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் சுருளின் வழியே நெடுந்தூரம் ஓடி, கருவியால் திருத்திக்கொள்ள இயலாத அளவுக்குப் பிழைகளை உண்டாக்கும். பற்பசை, மண்ணெண்ணெய் முதலிய கைவைத்தியங்களை அறவே விலக்குக. இன்னொன்று: சிடியின் கீழ்ப்புறம் கீறினால் ஓரளவு பிழைத்துக்கொள்ளும்; எழுத்துள்ள மேற்புறம் கீறினால் பிழைக்காது. ஏனெனில் உலோகப் பூச்சு மேற்புறத்திலேயே, ஒரு மெல்லிய மெருகின் கீழே உள்ளது. பந்துமுனைப் பேனாவால் அழுத்தித் 'திருமணம், பாகம் 1' என்று எழுதிய தட்டுகள் அந்த எழுத்தாலேயே கெட்டதுண்டு. டிவிடியில் உலோகப் பூச்சு இரண்டு பிளாஸ்டிக் வட்டுகளின் நடுவே இருப்பதால் அத்துன்பம் குறைவு. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா, பறவூர்ப் பகுதிகளில் நீர் புகுந்த வீடுகளில் புகைப்பட ஆல்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாழாயின. தட்டுகளோ, நல்ல நீரில் சேற்றைக் கழுவி நிழலில் உலர்த்தினால் தேறக்கூடியவை. நீரைக் காட்டிலும் வெயிலே அவற்றுக்குப் பகை. சாயம் ஒளியால் வெளிறும். சன்னலோரத்தில் தட்டைச் சாய்த்து வைப்பது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

காப்பதற்கு உறுதியான வழி ஒன்றே: படியெடுத்தல். நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளை அவ்வாறே காத்தனர். பனையோலை பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகும் என்பதை அறிந்து, பழைய ஏடு நைந்துபோகுமுன் புதிய ஏட்டில் எழுதினர். படியெடுப்பார் இல்லாதபோது ஏடுகள் ஆடிப் பெருக்கில் ஆற்றில் விடப்பட்டதையும் நெருப்பில் இடப்பட்டதையும் உ.வே. சாமிநாதையர் மனம் நொந்து எழுதியுள்ளார். ஓலைக்கு நூறாண்டு, இருநூறாண்டு தவணை இருந்தது. வீட்டில் பதிந்த தட்டுக்கு அத்தனை தவணை இல்லை.

முதலில் யூஎஸ்பி வழியே இணையும் வெளிக்கருவி ஒன்று வேண்டும். ஒரு பட்டுச் சேலையின் விலையில் சிறு பங்கே அதன் விலை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். தட்டில் வெடிப்பு உண்டா என்று ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்த பின்னரே உள்ளே இடுக. வெடித்த தட்டு விரைந்து சுழலும்போது சிதறிக் கருவியையும் கெடுக்கும். விசிடியைத் திறந்தால் 'எம்பெக்ஏவி' என்னும் அடைவில் 'டாட்' என்று முடியும் கோப்புகளைக் காண்பீர்கள். படம் அவற்றில் உள்ளது. டிவிடியில் 'வீடியோ டிஎஸ்' என்னும் அடைவினை முழுதாக எடுத்துக் கணினியில் வைக்கவேண்டும். அதிலுள்ள ஒன்றிரண்டு கோப்புகளை மட்டும் பிரித்து எடுத்தல் ஆகாது. இரண்டையும் விஎல்சி என்னும் இலவச மென்பொருள் ஓட்டிக் காட்டும். குடும்பத் தட்டுகளில் பூட்டு ஏதும் இராது.

விசிடிகளை முதலில் எடுங்கள் என்பதற்குக் காரணம் உண்டு. தரவுத் தட்டுகளில் பிழை திருத்துவதற்கெனக் கூடுதற் குறிப்புகள் எழுதப்படும். விசிடியில் படத்துக்கு இடம் போதாமையால் அக்குறிப்புகளை விட்டு, அவ்விடத்தையும் படத்தால் நிரப்பினர். ஆகவே ஒரே அளவு கீறலுக்கு விசிடியே முன்னதாகத் தடுமாறும். ஒரு கருவியில் படிக்க இயலாத தட்டு மற்றொரு கருவியில் படிக்கப்படுவது வழக்கமான செய்தி. ஆதலின் ஒரு முறை தோற்றதும் தட்டை எறிந்துவிடாதீர்கள். நண்பர் வீட்டுப் பழைய மேசைக் கணினியில் இட்டுப் பாருங்கள். படிக்க முடிந்த பகுதிகளை மட்டும் பொறுமையாகத் திரட்டித் தரும் மென்பொருள்களும் உள. கையடக்க வீடியோ கேமராவின் 8 சென்டிமீட்டர்ச் சிறு தட்டு எந்தக் கருவியிலும் ஓடாவிடின், அது கெட்டதென்று கருதவேண்டா. எடுத்து முடித்தபின் 'ஃபைனலைஸ்' என்னும் முடிப்புக் கட்டளையைக் கொடாமல் விட்டிருக்கலாம். அந்தக் கேமரா இன்னும் வீட்டில் இருந்து உயிரோடும் இருந்தால் அதிலேயே இட்டு முடிக்கலாம்.

எடுத்த படிகளை ஒரே வன்தட்டில் வைத்து நிம்மதி அடைதல் கூடாது. வன்தட்டும் ஒரு நாள் ஓசையின்றி நின்றுவிடும். இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றனை வேறூரில் உள்ள உறவினர் வீட்டில் வைப்பது நன்று. இங்கே ஒன்று, சொந்த ஊரில் ஒன்று என வைத்துக்கொள்ளும் வசதி நம்மைப் போன்றோர்க்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. இணையத்தில் சேமிப்போர், கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவரும் அறியுமாறு செய்க.

நாடாக்கள் வைத்திருப்போர் இன்னும் விரைதல் வேண்டும். விஎச்எஸ் நாடா ஓட்டும் கருவிகளைச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனை 2016 ஜூலையில் அவ்வேலையை நிறுத்தியது. சோனி நிறுவனம், திருமணப் படப்பிடிப்பில் பெரிதும் வழங்கிய மினி டிவி நாடாக்களையும் எழுதக்கூடிய புளூரே தட்டுகளையும் செய்வதை 2025 பிப்ரவரியோடு நிறுத்திக்கொண்டது.

எல்லாம் போகிறதென்றால் தட்டுப் பதிவதே வீண் வேலையா எனக் கேட்கலாம். அன்று. ஊரில் தனியே வாழும் பாட்டிக்குக் கடவுச்சொல்லும் செயலியும் வேண்டா. தட்டை இட்டுப் பொத்தானை அழுத்தத் தெரியும். பேத்தியின் அரங்கேற்றத்தை வேண்டும்போதெல்லாம் பார்க்க, அவர்க்குத் தட்டே எளிது. ஆனால் கைபேசிப் படத்தை அப்படியே தட்டில் ஏற்றினால் அது கோப்புத் தட்டு ஆகுமே ஒழிய, படத்தட்டு ஆகாது. டிவிடி படத்தட்டில் பெரிதும் வழங்கும் வடிவம் எம்பெக்-2. நம் நாட்டு முறையில் வினாடிக்கு 25 சட்டம், 720-க்கு 576 புள்ளி. டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் படத்தை இட்டால் அவ்வடிவுக்கு மாற்றிப் பட்டியலோடு அமைத்துக் கொடுக்கும். அமெரிக்காவில் உள்ள மக்கள் அனுப்பும் தட்டு இங்குச் சில கருவிகளில் தடுமாறுவது, அங்குள்ள முறை வேறாதலால். அனுப்புவோர் 'பால்' முறையில் அமைத்து அனுப்பினால் தீர்ந்தது.

பதியும்போது கவனிக்க வேண்டியவை சில. 4.7 ஜிபி என்று உறையில் அச்சிட்ட தட்டைக் கணினி 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினக்கவேண்டா. இருவரும் எண்ணும் முறை வேறு. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட படத்தை ஒரே தட்டில் திணித்தால் முகங்கள் மங்கும். வேகத்தைத் தட்டு தாங்கும் உச்சத்துக்கு வையாமல் நடுத்தரமாக வைத்து, பதிந்தபின் சரிபார்க்கும் கட்டளையையும் கொடுக்கவேண்டும். அழித்து எழுதும் தட்டுகள் சிக்கனமாய்த் தோன்றும். ஆனால் பழைய கருவிகள் பல அவற்றை ஏற்பதில்லை, நெடுநாள் வைப்பதற்கும் அவை ஏற்றவையல்ல. ஒட்டுத்தாள் ஒட்டுவதும் வேண்டா. ஈரத்தில் அது ஓரிடத்தில் சுருங்கி எழும்பித் தட்டின் சமநிலையைக் குலைக்கும்.

எழுதுவதற்கு நீர்மை கலந்த மெல்லிய முனைப் பேனாவைப் பயன்படுத்துக. 'கலியாணம்' என்று மட்டும் எழுதி வைத்தால் இருபது ஆண்டுக்குப் பின் யாருடைய கலியாணம் என்று தேடவேண்டி வரும். மணமக்கள் பெயர், ஊர், மண்டபம், ஆண்டு, மாதம் ஆகியவற்றை எழுதுக. அதனோடு, படத்தை ஒரு முறை வீட்டுப் பெரியவரை அருகில் அமர்த்தி ஓட்டி, பந்தியில் மூன்றாவதாக அமர்ந்திருப்பவர் யார், ஆரத்தி எடுப்பவர் எந்த வழியில் அத்தை, பாடுகின்றவர் எந்த ஊர் என்பவற்றை அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் குறித்துக்கொள்க. அத்தாளைக் கைபேசியில் படமெடுத்துப் படக்கோப்போடு ஒரே அடைவில் வைக்கலாம். தட்டின் மேல் எழுதத் தயங்குவோர், நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் ஓர் எண்ணை மட்டும் எழுதி, அதே எண்ணைத் தாளில் குறித்தாற் போதும். அவ்வளையத்தில் பதிவு ஏதும் இல்லை.